குளிர் நுழையும் வழிகள்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலே, கனடாவின் எல்லையை ஒட்டி, மேய்ன் என்னும் மாநிலம் உள்ளது. மார்கழி தொடங்கிப் பங்குனி முடியும்வரை அங்கே குளிரின் ஆட்சி. நீர் உறையும் நிலைக்குக் கீழே வெப்பமானி பல நாள் இறங்கிக் கிடக்கும். வீடுகளுட் பெரும்பாலானவை மரத்தால் ஆனவை. நூறாண்டைக் கடந்தவையும் பல. வீட்டின் அடியில் ஒரு நிலவறை, நிலவறையில் ஒரு கணப்பு உலை, அந்த உலைக்கு எண்ணெய் வழங்க ஒரு தாங்கி. இதுவே அங்குள்ள குடும்பங்கள் பலவற்றின் குளிர்காலப் பாதுகாப்பு. எண்ணெய் வண்டி வந்து தாங்கியை நிரப்பிவிட்டுக் கணக்குச் சீட்டைக் கொடுத்துச் செல்லும். வசதி படைத்தவருக்கு அச்சீட்டு மற்றொரு செலவு மாத்திரமே. ஓய்வூதியத்தில் தனித்து வாழும் மூதாட்டிக்கோ, நாட்கூலி பெற்று மக்களை வளர்க்கும் தாய்க்கோ அது வேறொன்று. உணவைக் குறைப்பதா, மருந்தைக் குறைப்பதா, கணப்பைக் குறைப்பதா என்னும் வினாவை அச்சீட்டு அவர்கள்முன் வைக்கிறது.

யன்னலைத் திறந்து காற்றை வரவேற்கும் நாட்டிலே பிறந்தவர்க்கு, காற்றைக் கள்வனெனக் கருதும் வீடு எத்தகையது என்று மனக்கண்ணாற் காண்பது எளிதன்று. யாழ்ப்பாணத்துப் பழைய வீடொன்றில் ஓடுகளினூடே புகுந்து வெளியேறும் காற்று, உள்ளிருப்போருக்குச் செய்யும் நன்மை பெரிது. அதே இடைவெளிகள் மேய்னில் உள்ள ஒரு வீட்டிற்கு இருக்குமாயின், அங்கே தைமாதத்தின் ஓர் இரவைக் கழித்தலும் அரிதாகும். நுவரெலியாவில் புல்மீது வெண்பனி படிந்த காலைப்பொழுதைக் கண்டவர்கள் இதனை ஓரளவு உணர்வர்.

அத்தகைய வீடுகளைக் குளிர் புகாதவாறு சீர்செய்யும் பணியில், ஊதியம் பெறாத தொண்டர்கள் பலர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக ஈடுபட்டு வருகின்றனர். ஆசிரியர், கடைக்காரர், கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற தச்சர், தேவாலயச் சபையினர் எனப் பலதிறத்தவர் அவர்கள். நல்லெண்ணத்துக்கு அவர்களிடம் குறைவில்லை. ஆயினும் நல்லெண்ணம் மாத்திரம் உடையவர் ஒருவர் கையிலே பசைக் குழலுடன் அயலார் வீட்டினுட் புகுந்தால், அவ்வீட்டுக்கு நன்மை விளையும் என்று சொல்வதற்கில்லை. தீமை விளைதலும் கூடும். தொண்டர்க்குப் பயிற்சி இன்றியமையாதது என்பது இத்துறையில் மெல்ல மெல்ல, சில இடங்களில் மிகக் கொடிய விலை கொடுத்து, கற்றுக்கொள்ளப்பட்ட பாடமாகும்.

ஒரு வீட்டின் வெப்பம் எவ்வழியாக வெளியேறுகிறது? வீட்டுக்காரரைக் கேட்டால் யன்னலைக் காட்டுவார். யன்னலின் அருகே அமர்ந்தால் குளிர்கிறது. கதவின் அடியிற் காற்று வந்து காலைத் தீண்டுகிறது. ஆகவே பழந்துணியை முறுக்கிக் கதவடியில் இடுவார். கையிற் காசிருந்தால் புதிய யன்னல் வாங்க எண்ணுவார். யன்னல் விற்பவர்களும் அவ்வாறே விளம்பரம் செய்கின்றனர். உண்மை வேறு. வெப்பமுற்ற காற்று இலேசானது, அது மேலெழும். வீட்டின் உச்சியில், உட்கூரைக்கும் வெளிக்கூரைக்கும் இடையேயுள்ள முகட்டு வெளிக்குள், கண்ணுக்குத் தெரியாத நூறு துளைகளினூடே அது நழுவிச் செல்லும். சென்ற காற்றின் இடத்தை நிரப்பக் கீழேயுள்ள பிளவுகள் வழியாகக் குளிர்காற்று உட்புகும். வீடு முழுவதுமே ஒரு பெரிய புகைபோக்கியாகி விடுகிறது. குளிர் உணரப்படுவது காலடியில். அதனை உள்ளே இழுப்பதோ தலைக்கு மேலேயுள்ள துளை. முதலில் அடைக்க வேண்டியது மேலே என்பதை அறியாத தொண்டர், நாள் முழுவதும் யன்னலோரத்தில் முழந்தாளிட்டு உழைத்தாலும் எண்ணெய்ச் செலவு பெரிதாகக் குறைவதில்லை.

இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டிய ஆராய்ச்சி நியூ யேர்சி மாநிலத்தில் நடைபெற்றது. அங்கே துவின் றிவர்ஸ் என்னும் புதிய குடியிருப்பில், ஒரே வரைபடத்தின்படி ஒன்றையொன்று ஒட்டியவாறு வீடுகள் கட்டப்பட்டிருந்தன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் சொகொலோ முதலியோர் 1972ஆம் ஆண்டு தொடங்கி அவ்வீடுகளைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். ஒரே அமைப்பும் ஒரே அளவும் உடைய வீடுகளுள்ளே ஒன்று மற்றொன்றைப்போல் இருமடங்கு எரிபொருளைச் செலவிட்டது. வீடு மாத்திரமன்றி, அதிற் குடியிருப்பவரின் பழக்கமும் கணக்கிற் சேர வேண்டும் என்பது அதனால் விளங்கிற்று. அதனினும் வியப்பானது மற்றொரு செய்தி. வெப்பக் காப்பு விரிக்கப்பட்டிருந்தும் முகட்டு வெளி எதிர்பார்த்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. எவ்வாறு? நிலவறையிலிருந்து கூரைவரை செல்லும் புகைக் குழாயைச் சுற்றிக் கட்டடக்காரர் விட்டிருந்த இடைவெளி ஒரு வழி. அயல்வீடுகளைப் பிரிக்கும் சுவரின் கற்களிலிருந்த உட்புழை மற்றொரு வழி. காப்பு என்னும் கம்பளத்தைச் சுற்றிக்கொண்டு வெப்பம் பின்வாசலால் வெளியேறிக்கொண்டிருந்தது. இத்தகைய வழிகளை அடைத்து, யன்னல்களையும் செப்பனிட்டபோது, ஒரு வீட்டில் கணப்புக்கு வேண்டிய வெப்பம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. அவ்வாராய்ச்சியின் முடிவுகள் 1978இல் வெளியாயின.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே தொண்டர்கள் களத்தில் இறங்கியிருந்தனர். 1973ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது எண்ணெயின் விலை பன்மடங்காயிற்று. அக்குளிர்காலத்தில் மேய்ன் மாநிலத்து ஏழைக் குடும்பங்களின் வீடுகளைச் சீர்செய்ய ஓர் இயக்கம் தோன்றியது. அமெரிக்காவில் இத்துறையில் எழுந்த முதல் முயற்சிகளுள் அஃது ஒன்று. 1976இல் மத்திய அரசு சட்டமியற்றி, வறியோர் வீடுகளைக் குளிர்காலத்துக்கு ஏற்ப ஆக்கும் திட்டத்தை நாடெங்கும் பரப்பிற்று.

தொடக்க ஆண்டுகளின் வேலை எத்தகையது என்பதை மறைக்க வேண்டியதில்லை. யன்னல்களுக்கு மேல் நெகிழித் தாளை ஆணியடித்துப் பொருத்தினர். பிளவுகளிற் பசை பூசினர். கதவுகளுக்குப் பட்டி ஒட்டினர். வேலையாட்களுட் பலர் தொண்டர். ஏனையோர், 1973ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புப் பயிற்சிச் சட்டத்தின்கீழ் அனுப்பப்பட்ட, முன்பின் கட்டடத் தொழில் அறியாதோர். நெகிழித் தாள் அடுத்த மாரிக்கு முன்னே கிழிந்து காற்றிலே படபடத்தது. அவசர காலத்தில் அவசரமாகச் செய்தவற்றைக் குறைகூறல் நியாயமன்று. குளிரில் நடுங்கிய குடும்பத்துக்கு அந்தத் தாளும் அம்மாதத்தில் ஓர் உதவியே. ஆயினும் ஆண்டுகள் சென்றபின் கணக்குப் பார்த்தோர் மனநிறைவு கொள்ளவில்லை. 1989ஆம் ஆண்டில் நடந்த வேலைகளை ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் ஆராய்ந்தபோது, எரிவாயுவால் வெப்பமூட்டப்பட்ட வீடுகளிற் கணப்புச் செலவு சராசரியாக நூற்றுக்கு 18 அளவிற் குறைந்திருக்கக் கண்டது. 1990களின் நடுப்பகுதியில் அதே திட்டத்தின் சேமிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக உயர்ந்தது. இடையில் மாறியது பணத்தின் அளவு மாத்திரமன்று. அளந்து பார்த்தபின் வேலை செய்யும் பழக்கம் வந்தது. வேலை செய்வோர்க்குப் பயிற்சி வந்தது.

அளப்பதற்கு ஒரு கருவியும் வந்தது. 1970களில் சுவீடன் நாட்டில் யன்னலிற் பெரிய விசிறியொன்றைப் பொருத்தி வீட்டின் காற்றுக் கசிவை அளக்கும் முறை வழக்கிலிருந்தது. அம்முறை 1979இல் பிரின்ஸ்டனுக்கு வந்து, அமெரிக்காவில் யன்னலை விட்டு வாசற்கதவுக்கு மாறியது. இன்று விசிறிக் கதவு என்று சொல்லத்தக்க அக்கருவி மிக எளியது. வாசலின் நிலையில் ஒரு சட்டம். சட்டத்தில் இறுகக் கட்டிய துணி. துணியின் நடுவே ஒரு விசிறி. மற்றெல்லாக் கதவு யன்னல்களையும் மூடிவிட்டு விசிறியைச் சுழலவிட்டால் அது வீட்டின் காற்றை வெளியே இழுக்கும். அப்போது வெளிக்காற்று எல்லாத் துளைகளாலும் விரைந்து உட்புகும். நாள்தோறும் மறைந்திருந்த துளை, விசிறி சுழலும் அரைமணி நேரத்தில் தன் இருப்பிடத்தைத் தானே அறிவித்துவிடுகிறது. புறங்கையை நீரில் நனைத்து மூலைமூலையாக நீட்டினால் குளிர் தெரியும். மெல்லிய புகையை விட்டாற் புகை வளையும். புதிய தொண்டருக்கு நூல் எதுவும் கற்பிக்காததை அந்த அரைமணி நேரம் கற்பித்துவிடும். சுவரோடு சுவராய்க் கிடந்த மின் ஆளியின் ஓரத்திலிருந்தும், கழுவுதொட்டியின் கீழே குழாய் புகும் இடத்திலிருந்தும் காற்று சீறி வருவதைக் கண்டவர், அதன்பின் வீடுகளை வேறு கண்ணால் நோக்குவர்.

1979ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மாசாசூசெற்ஸ் மாநிலத்து பிட்ச்பேர்க் நகரம் மற்றொரு வழியைக் கையாண்டது. பிட்ச்பேர்க் ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த பழைய நகரம். வீடுவீடாகத் தொண்டரை அனுப்புவதற்கு முன்னே, அயற்புறந்தோறும் பயிற்சி நிலையங்களைத் திறந்து, குடும்பத்தில் ஒருவர் வந்து கற்றுப்போகுமாறு நகரத்தார் அழைக்கப்பட்டனர். பட்டி ஒட்டுவது எப்படி, பசை பூசுவது எப்படி, வெந்நீர்த் தாங்கியைப் போர்த்துவது எப்படி என்று செய்து காட்டப்பட்டது. வந்தவர் தாமே செய்து பழகினர். பொருள்களடங்கிய பொதியுடன் வீடு திரும்பினர். வெளியூர் வல்லுநரின் சொல்லை ஐயத்துடன் கேட்கும் மக்கள், அடுத்த தெருவிலுள்ளவர் செய்து காட்டுவதை நம்பினர். பயிற்சி பெற்றவரே பயிற்றுநராக மாறியது அம்முயற்சியின் சிறப்பு.

தொண்டர்க்குக் கற்பிக்கப்படுவது யாது என்பது சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. முதற்பாடம் செய்யும் தொழிலைப் பற்றியதன்று. செய்யத் தகாததைப் பற்றியது. முகட்டு வெளிக்குள் ஏறியவர் கால் வைக்க வேண்டியது உத்தரங்களின்மேல் மாத்திரமே. இரண்டு உத்தரங்களுக்கு நடுவே வைத்த கால் உட்கூரையைப் பிளந்துகொண்டு கீழேயுள்ள அறையிலே தோன்றும். இது வேடிக்கையாகச் சொல்லப்பட்டாலும் உண்மையில் நிகழ்வதே. அடுத்து அங்கே விரிக்கப்பட்டிருக்கும் பழைய காப்பை நோக்க வேண்டும். மஞ்சளோ இளஞ்சிவப்போ ஆன கண்ணாடி நார் ஓரிடத்திற் கறுத்திருந்தால், அவ்விடத்தின் கீழே ஒரு துளை உள்ளது. ஆண்டுக்கணக்காக அதனூடே சென்ற காற்றிலிருந்த தூசியை அந்த நார் வடித்து வைத்திருக்கிறது. அனுபவமுள்ளவர் விசிறிக் கதவு இல்லாமலே அந்தக் கருமையைப் பின்பற்றித் துளைகளைக் கண்டுவிடுவர்.

ஆனால் பளபளக்கும் சிறுகூழாங்கற்கள் போன்ற சாம்பல் நிறத் துகள்கள் விரிந்து கிடந்தால், கைவைக்காமல் இறங்கிவிட வேண்டும். வேர்மிக்குலைட்டு எனப்படும் அக்கனிப்பொருளிற் பெரும்பகுதி, மொன்டானா மாநிலத்து லிபி என்னும் ஊரின் சுரங்கத்திலிருந்து, 1990இல் அது மூடப்படும்வரை, நாடெங்கும் சென்றது. அதிற் கல்நார் கலந்திருந்தது. கல்நாரின் தூள் நுரையீரலிற் படிந்தால் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் நோயாக வெளிப்படும். 1978க்கு முற்பட்ட வீடுகளில் யன்னற் சட்டத்தின் பழைய வண்ணத்தைச் சுரண்டுவதும் ஆகாது. அவ்வாண்டிலேதான் வீடுகளுக்கு ஈயம் கலந்த வண்ணம் பூசுவது அங்கே தடைசெய்யப்பட்டது. சுரண்டிய தூள் தரையிற் படிய, தவழும் குழந்தையின் கை அதனை வாய்க்குக் கொண்டு செல்லும். வீட்டைக் கதகதப்பாக்க வந்தவர் குழந்தைக்கு நஞ்சை வைத்துச் செல்லலாகுமா?

மின்கம்பிகள் மூன்றாவது எச்சரிக்கை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டிய வீடுகளிற் பீங்கான் குமிழ்களில் தாங்கிய கம்பிகள், திறந்த காற்றிலே தம் வெப்பத்தை இழக்குமாறு அமைக்கப்பட்டவை. அவற்றைக் காப்பினாற் புதைத்தால் வெப்பம் தேங்கித் தீ மூளலாம். புகைபோக்கியைச் சுற்றிய இடைவெளிக்கு நுரையைப் பீச்சுதலும் அவ்வாறே ஆபத்தானது. அவ்விடத்தில் தகட்டை வெட்டிப் பொருத்தி, தீத் தாங்கும் பசையால் ஓரத்தை மூட வேண்டும். நுரைக் குழலைக் கையிற் பிடித்த புதிய தொண்டர், கண்ட துளையையெல்லாம் நிரப்பத் துடிப்பார். பயிற்றுநரின் உழைப்பிற் பாதி அந்தத் துடிப்பை அடக்குவதிலே செல்கிறது எனலாம்.

அவசரம் எவ்வளவு கொடியது என்பதை அவுஸ்திரேலியா கண்டது. 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து, 2009இல் அந்நாட்டு அரசு வீடுகளின் கூரைகளுக்கு வெப்பக் காப்பிடும் பெருந்திட்டமொன்றை அறிவித்தது. வேலைவாய்ப்பு விரைந்து பெருக வேண்டும் என்பது நோக்கம். சில மாதங்களுக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளிற் காப்பு இடப்பட்டது. அங்கே பணிபுரிந்தோர் தொண்டரல்லர். கூலிக்கு வந்த இளைஞர். ஆயினும் அவர்கள் அனுபவமின்மையில் தொண்டரை ஒத்தவர். கூரையினுள் ஏறும் ஒவ்வொருவரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்னும் விதி தளர்த்தப்பட்டு, மேற்பார்வையாளருக்குத் தகுதி இருந்தாற் போதும் என்றாயிற்று. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் மூன்று இளைஞர் கூரையினுள்ளே மின்சாரம் தாக்கி இறந்தனர். அலுமினியத் தகட்டுக் காப்பை உலோகக் கவ்வாணியால் அடிக்கும்போது, ஆணி மறைந்து கிடக்கும் மின்கம்பியைத் துளைத்துவிடின், தகடு முழுவதும் மின்னேறிவிடும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மற்றோர் இளைஞர் கூரையினுள்ளே நிலவிய வெப்பத்தால் மாண்டார். வீடுகள் பலவற்றிலே தீயும் மூண்டது. 2010ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் திட்டம் நிறுத்தப்பட்டது. அரச விசாரணை ஆணைக்குழு 2014இல் அறிக்கை வெளியிட்டு, விரைவுக்காகப் பாதுகாப்பு தியாகம் செய்யப்பட்டதைச் சுட்டிக்காட்டிற்று. நால்வரின் பெற்றோர்க்கு அவ்வறிக்கை எவ்வளவு ஆறுதல் அளித்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தொண்டர் எல்லாரும் முகட்டு வெளிக்குள் ஏற வேண்டும் என்பதில்லை. அறியாதவர்க்கு ஆபத்தில்லாத வேலையைத் தேர்ந்து, அந்த வேலையையே செப்பமாகக் கற்பித்தலும் ஒரு வழி. 2010ஆம் ஆண்டில் மேய்ன் மாநிலத்துக் கடற்கரை ஊராகிய றொக்லண்டில், தேவாலயம் ஒன்றைச் சேர்ந்தோர் தம் கட்டடத்து யன்னல்களின் குளிரைத் தடுக்க ஓர் உபாயம் செய்தனர். பைன் மரத்தாற் சட்டம். சட்டத்தின் இரு முகத்திலும் ஒளி ஊடுருவும் மென்தாள். விளிம்பைச் சுற்றி நுரைப்பட்டி. அதனை யன்னலின் உட்புறத்தில் அழுத்தி வைத்தால் ஆணியின்றித் தானே நின்றுவிடும். இரண்டு தாளுக்கும் நடுவே அசையாது நிற்கும் காற்றே காப்பாகிறது. வெயிற்காலத்திற் கழற்றி மூலையில் வைத்துவிட்டு மறு குளிர்காலத்தில் மீண்டும் பொருத்தலாம். அம்முயற்சியிலிருந்து தோன்றிய "விண்டோ டிரெசர்ஸ்" என்னும் தொண்டு நிறுவனம் இன்று மேய்னைக் கடந்து அயல் மாநிலங்களிலும் பணிபுரிகிறது. யன்னல்களுக்கு உடை அணிவிப்போர் என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம்.

யன்னல் முதற்குற்றவாளியன்று என்று முன்னர் சொல்லப்பட்டது மெய்யே. ஆயினும் ஒற்றைக் கண்ணாடி இட்ட பழைய யன்னல் குற்றமற்றதுமன்று. புதிய யன்னலின் விலையை ஏழைக் குடும்பம் தாங்காது. இந்தச் சட்டத்தின் விலையைத் தாங்கும். இயலாதவர்க்கு நன்கொடையிலிருந்து கொடுக்கப்படும். இலையுதிர் காலத்தில் ஊர் மண்டபமொன்றில் மேசைகளை வரிசையாக இட்டு, வேலை பிரிக்கப்படுகிறது. ஒரு மேசையிற் சட்டம் பூட்டுவர். அடுத்ததில் தாளை ஒட்டுவர். அதற்கடுத்ததிற் சூடான காற்றைச் செலுத்தித் தாளை இறுகச் செய்வர். கடைசி மேசையிற் பட்டி ஒட்டுவர். ஒரு மேசையின் வேலையைச் சிறிது நேரத்திற் கற்றுக்கொள்ளலாம். பள்ளி மாணவரும் எண்பது வயதினரும் அருகருகே நின்று செய்கின்றனர். சட்டத்தைப் பெறப்போகும் குடும்பத்தாரும் வந்து ஒரு பொழுது உழைக்குமாறு அழைக்கப்படுகின்றனர். இதிலே கடினமானது அளவெடுத்தல். பழைய வீட்டின் யன்னல் காலப்போக்கிற் சரிந்திருக்கும். மேற்புறத்தின் அகலமும் கீழ்ப்புறத்தின் அகலமும் ஒவ்வா. ஓரிடத்தில் மாத்திரம் அளந்து வந்தால், பலர் பாடுபட்டுச் செய்த சட்டம் யன்னலுக்குள் நுழையாது. நுழைந்தால் ஓரத்திற் காற்று வரும். ஆகவே அளப்பவர்க்குத் தனிப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

வாடகை வீட்டில் வாழ்வோர்க்கு இந்தச் சட்டம் மிகவும் உகந்தது. சுவரும் கூரையும் வீட்டுச் சொந்தக்காரருடையவை. எண்ணெய்ச் செலவு குடியிருப்பவருடையது. சுவரைச் சீர்செய்ய வேண்டியவருக்குச் சேமிப்பினாற் பயனில்லை. சேமிப்பை வேண்டுபவருக்குச் சுவரைத் தொட உரிமையில்லை. எத்தனையோ அறிஞர் ஆராய்ந்தும் முற்றாக அவிழாத இச்சிக்கலை, கழற்றி எடுத்துச் செல்லத்தக்க ஒரு மரச்சட்டம் சிறிதளவேனும் தளர்த்திவிடுகிறது.

இனி, ஒழுக்கம் பற்றிய பயிற்சி. பலர் இதனைச் சிறிதென எண்ணுவர். அனுபவமுள்ளவர் அவ்வாறு எண்ணுவதில்லை. வறியவர் வீட்டினுள் புகும் தொண்டர், அவ்வீட்டின் படுக்கையறையையும் குளியலறையையும் நிலவறையையும் பார்க்கப் போகிறார். உடைந்த பொருள்களையும் துவைக்காத துணிகளையும் காணப் போகிறார். அலமாரியைத் திறக்கு முன் கேட்க வேண்டும். பொருள்களை நகர்த்தினால் இருந்த இடத்தில் மீண்டும் வைக்க வேண்டும். "இவ்வளவு குளிரில் எப்படி இருந்தீர்கள்?" என்று இரக்கத்தோடு கேட்பதும் சிலரைப் புண்படுத்தும். அதைவிட, "இந்த வீட்டில் எந்த இடம் மிகவும் குளிர்கிறது?" என்று கேட்பதே பயன்தரும். பத்துக் குளிர்காலத்தை அங்கே கழித்தவர் அந்த வீட்டைப் பற்றி அறிந்தது, ஒரு நாள் வந்தவரின் கருவி அறிவதினும் மிகுதி. செய்த வேலை ஒவ்வொன்றையும் வீட்டாருக்குக் காட்டி விளக்குதலும் வேண்டும். பட்டி தேய்ந்தால் மாற்றுவது எப்படி, இரவில் வெப்பத்தைக் குறைத்து வைப்பது எப்படி என்று அறியாத குடும்பத்தில், சென்றவர்களின் உழைப்பு ஓரிரு ஆண்டிற் கரைந்துவிடும்.

இவையெல்லாம் முடிந்தபின்னும் ஒரு வேலை எஞ்சுகிறது. துளைகளை அடைக்குந்தோறும் வீட்டினுள் வரும் காற்றுக் குறைகிறது. கணப்பு உலையும் எரிவாயுவால் இயங்கும் வெந்நீர்த் தாங்கியும் எரிவதற்குக் காற்று வேண்டும். அவற்றின் புகை மேலே செல்வதற்கும் காற்று வேண்டும். மிக இறுக அடைத்த வீட்டிற் சமையலறை விசிறியைச் சுழற்றினால், மேலே செல்ல வேண்டிய புகை திரும்பி நிலவறைக்குள் இறங்குதல் கூடும். அதில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு இருக்கலாம். அதற்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே மடிவர். தொண்டர் குழுவின் தலைவர், இதற்கெனத் தனியே தேர்ச்சி பெற்றவர், வேலைக்கு முன்னும் வேலைக்குப் பின்னும் இதனைச் சோதிப்பார். வீட்டின் விசிறிகள் அனைத்தையும் சுழலவிட்டு, உலையை எரியவைத்து, புகைக் குழாயின் வாயருகே மெல்லிய புகையைப் பிடிப்பார். புகை உள்ளிழுக்கப்பட்டால் நன்று. வெளியே தள்ளப்பட்டால், காற்று வருவதற்குத் தனி வழியொன்று அமைக்கும்வரை உலை அணைத்து வைக்கப்படும். ஏணியும் பசைக் குழலும் வண்டியில் ஏற்றப்பட்டிருந்தாலும் தொண்டர்கள் மீண்டும் நிலவறைக்கு இறங்குவர்.